கொம்பு முன்னால் வரும்

என் கணவரை முதல் மூன்று வருடம் நான் வெறும் குரலாகத்தான் அறிந்திருந்தேன்.

எங்கள் அலுவலகம் நான்கு மாடிக் கட்டடம். நான் மூன்றாம் மாடியில் தட்டச்சுப் பிரிவில் இருந்தேன். அவர் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே கிடைத்த முக்கோண இடத்தை அறை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களே, அதில் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு உரிய ஆளுக்கு இணைப்பார். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை அதையே சொன்னதால் அவருக்கு லைன்சார் என்றே பெயர் ஆகிவிட்டது. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அலுவலகத்தில் யாருக்கு என்ன என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். "என்ன மேடம், தொண்டை கட்டியிருக்கு? நேத்து மழைல நனைஞ்சீங்களா?" என்பார். பக்கத்து மேசைக்காரிகூடக் கவனித்திருக்க மாட்டாள்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சுற்றறிக்கையால்.

துறைத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் அவரைப் போன்றவர்கள் அடுத்த படிக்குப் போக முடியும். முன்பெல்லாம் இந்த அறிவிப்புகள் காகிதத்தில் வரும். தபால் பிரிவிலிருந்து யாராவது கீழே இறங்கி அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். பிறகு எல்லாச் சுற்றறிக்கையும் கணினியில்தான் என்று மாற்றினார்கள். அவருக்கும் ஒரு கணினி கொடுத்து, திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருளையும் போட்டுக் கொடுத்தார்கள். அன்றோடு படித்துக் காட்டுவது நின்றுபோனது. அந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் கடந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

நிர்வாக அதிகாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார். "எல்லாருக்கும் அனுப்பினதுதானேப்பா. உங்க கம்ப்யூட்டர்தான் பேசுமே" என்று பதில்.

அதன் பிறகு ஒரு மத்தியானம், கைத்தடியைத் தட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எட்டு பேர் தட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"தேர்வு பத்தின சுற்றறிக்கையை டைப் பண்ணது யாருங்க?"

நான்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "நான் சார். தப்பு ஏதாவது இருக்கா?"

"தெரியலை மேடம். அதைத்தான் கேக்க வந்தேன். கொஞ்சம் கீழ வர முடியுமா?"

போனேன். அந்த மாடிப்படி அறையில் தலை இடிக்காமல் உட்கார ஒரு சாமர்த்தியம் வேண்டும். காதொலிப்பானைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன். இயந்திரக் குரல் ஒன்று நிதானமாகச் சொல்லியது: "எம். கேபிடல் ஒய். டி. ஒய். எஃப். கே. செமிகோலன்."

"இது என்ன வார்த்தை?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி போடச் சொன்னேன். இரண்டாம் தடவை கேட்டபோது என்னை அறியாமல் விரல்கள் மேசைமேல் அசைந்தன. எம் இருக்கும் இடம், ஒய் இருக்கும் இடம், டி இருக்கும் இடம். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை போய்வந்த வழி அது.

"அலுவலகம்," என்றேன். "சார், இது அலுவலகம்ங்கற வார்த்தை!"

 பலகையில் ஒரு அழைப்பு வந்து, இணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்ப நீங்க எல்லாரும் டைப் பண்றது தமிழே இல்ல."

"திரையில தமிழாத்தான் சார் தெரியுது."

"தெரியும் மேடம். உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து. மேல தமிழ் முகமூடி. பாக்கறவங்களுக்கு முகமூடி தெரியுது. எனக்கு உள்ள இருக்கற ஆளு குரல்தான் கேக்குது."

அவர் சொன்னது சரி. அந்தக் காலத்தில் நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு அப்படிப்பட்டது. எஃப் என்ற விசையைத் தட்டினால் கணினி எஃப் என்றுதான் எழுதிக்கொள்ளும். அதை வரைந்து காட்டும்போது மட்டும் 'க' என்று வரையும். உலகத்தில் உள்ள கண்ணுக்கெல்லாம் அது போதுமானதாக இருந்தது. ஒருங்குறி என்று, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்தமாக ஓர் எண் கொடுத்த ஏற்பாடு அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்தால் அவருடைய கணினி தமிழாகவே படித்திருக்கும். அதற்கென்று ஒரு தமிழ்க் குரலும் வந்திருந்தது. ஜலதோஷம் பிடித்த வாத்தியார் மாதிரிக் குரல்தான், ஆனாலும் தமிழ்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா?" என்றார். "சாப்பாட்டு நேரத்துல அரை மணி. ஒவ்வொரு விசைக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் உண்டு. நான் திரையில போடற நம்பருக்கு எந்த எழுத்து தெரியுதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் நிரல் எழுதுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒலிநாடாவில் வந்த பாடங்களைக் கேட்டு, அழைப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் தானாகக் கற்றுக்கொண்டது. அலுவலகத்தின் உள்தொலைபேசி எண்களைத் தேடித் தர ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார்.

அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கீழே இறங்கத் தொடங்கினேன். அவர் பிரெயில் பலகையில் காகிதத்தைப் பொருத்தி, புள்ளி குத்தும் ஊசியை விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பார்.

"கம்ப்யூட்டருக்கு வாக்கியம்னா நம்பரைக் கோர்த்த சரம், அவ்வளவுதான். மணி ஒவ்வொண்ணுக்கும் என்ன பேருன்னு நீங்க சொல்லணும். நூத்தி ரெண்டு?"

"க."

"நூத்தி நாலு?"

"கால்."

"யாரோட கால்?"

"ஐயோ, கா-வுல வர்ற கால் சார். ஆ சத்தம்."

"நூத்திப் பத்து?"

"கொம்பு. கெ, செ-ல எல்லாம் வருமே, அது."

"சரி, எ சத்தம்." டக் டக்கென்று குத்திக்கொள்வார்.

இப்படி நான்கு வாரம். பாதி எண்களுக்கு முழு எழுத்து இருக்கும், பாதிக்குச் சுழியோ வாலோ மட்டும் இருக்கும். "இது ஒரு மாதிரி வளைஞ்சு கீழ போகும் சார்" என்று நான் திணறுவேன். "எனக்கு வளைவு வேணாம் மேடம், சத்தத்தைச் சொல்லுங்க" என்பார். மேலே என் தோழிகள் கேலி பண்ணாமல் இருப்பார்களா? "என்னடி, இன்னிக்கு எத்தனை எழுத்து ஆச்சு?" என்று கண்ணடிப்பார்கள். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. முன்பற்கள் எடுப்பு. அண்ணன் வீட்டில் இருந்தேன். நான்கு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அட்டவணை முடிந்த மறுநாள் நிரலை ஓட்டினார். என்னையும் கேட்கச் சொல்லி ஒலிபெருக்கியில் போட்டார்.

"அலுவலகம்," என்றது ஜலதோஷக் குரல்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ஆனால் அடுத்த வரியில் தடுமாற்றம். 'தேதி' என்பதைத் 'ததி' என்றது. 'கெடு' என்பதைக் 'கடு' என்றது. 'உடனே' என்பதை 'உடேன' என்றது. அது என்ன பாஷை என்று இரண்டு பேரும் விழித்தோம்.

ஒரு வாரம் போராடினார். அட்டவணையை மூன்று தடவை முதலிலிருந்து சரிபார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் சலித்துப்போய், "உடனே-ன்னு எப்படி டைப் பண்ணுவீங்க? ஒவ்வொரு விசையாச் சொல்லிட்டே அடிங்க" என்றார்.

"உ. ட. இரட்டைக் கொம்பு. ன."

"நிறுத்துங்க. இன்னொரு தடவை."

"உ. ட. இரட்டைக் கொம்பு. ன."

"ன-வுக்கு முன்னாடியே கொம்பா?"

"ஆமா."

"ஏன்?"

 "கொம்பு முன்னாடிதான் சார் வரும்."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே!"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாலு வாரமா இதைச் சொல்லவே இல்லையே நீங்க!"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையாகவே எனக்குத் தோன்றவில்லை. அவர் படித்தது பிரெயிலில். அதில் 'னே' என்றால் முதலில் ன, அதற்கப்புறம் ஏ. வாய் சொல்லும் வரிசையில்தான் விரல் தொடும். அச்சில் ஒலி பின்னால் வந்தாலும் கொம்பு முன்னால் போய் நிற்கும் என்று முப்பத்து நான்கு வயது வரைக்கும் அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று ஒருவருக்கும் படவில்லை.

அந்த அறையின் மூலையில் தொலைபேசிக் கம்பித் துண்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அதில் செம்புக் கம்பியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய், வீட்டில் வளைத்து, அட்டையில் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்தேன். 'கொ' என்ற ஒரே எழுத்து. அவர் விரலைப் பிடித்து முதல் வளைவில் வைத்தேன். விரலைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

"இது கொம்பு. இது க. இது கால். மூணும் சேர்ந்து ஒரே சத்தம்."

முன்னும் பின்னும் நாலைந்து தடவை தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒரு 'கொ' வெளிய கிளம்பணும்னா முன்னாடி ஒரு காவலாளி, பின்னாடி ஒரு காவலாளி. மந்திரி வீட்டுக் கல்யாணம் கெட்டுது போங்க!" கொஞ்ச நேரம் கழித்து, "ஒருங்குறில இதெல்லாம் கிடையாது. முதல்ல க, பின்னாடி ஒ சத்தம். அப்ப கம்ப்யூட்டர் என் கட்சி" என்றார் பெருமையாக.

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். கொம்புகள் எல்லாம் முன்னால் நின்றன. ஐந்து வயதிலிருந்து படிக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழி தெரிந்ததும் வேலை நடந்தது. கொம்பைக் கண்டால் அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த எழுத்தை முதலில் கீழே வைத்துவிட்டு, அப்புறம் கொம்பை வைக்க வேண்டும். பின்னாலேயே கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதை எழுத இரண்டு நாள்தான் ஆனது. 'தேதி' தேதியாகிவிட்டது. ஆனால் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று இடிந்தது. 'மௌனம்' என்ற சொல்லில் 'மௌ'வின் கடைசியில் நிற்கும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நாங்கள் இரண்டுக்கும் ஒரே விசையைத் தட்டுவோம். அதற்காக அவர் ஒரு விதி எழுதினார். எழுதியதும் மௌனம் சரியானது, 'வெள்ளிக்கிழமை' போனது. "வௌ... வௌ..." என்று குரல் இழுத்தது.

"வாரத்துல ஒரு நாள் பூனை கத்துதே மேடம்," என்றார்.

பலகையில் அழைப்புகள் காத்திருக்க, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு யோசித்து, ள-வின் தலையில் புள்ளியோ, பக்கத்தில் ளி-யில் வரும் கொக்கியோ, காலோ இருந்தால் அது எழுத்து, வெறுமனே நின்றால் மட்டும் குறி என்று முடிவுகட்டினோம். பூனை போனது.

அடுத்தது என் தலையில் வந்து விழுந்தது.

ஒரு நாள் போன உடனேயே கேட்டார். "ஏன் மேடம், உங்க பிரிவுல யாருக்குமே மரியாதை குடுக்கற பழக்கம் இல்லையா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"கேளுங்க." ஒலிபெருக்கியைப் போட்டார். 'இயக்குநர் வந்தார், பார்வையிட்டார், பாராட்டினார்' என்று நான் தட்டச்சு செய்திருந்த அறிக்கை. குரல் படித்தது: "இயக்குநா வந்தா. பாவையிட்டா. பாராட்டினா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் சூடானது. அவருக்குத் தெரியாதென்றாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் எழுத்துருவில் ர-வின் மேல் புள்ளி வைத்தால் கொஞ்சம் நெருக்கடியாக, அசிங்கமாக இருக்கும். ர-வுக்குப் பதிலாகக் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கண்டுபிடித்த தந்திரம் அது. தட்டச்சுப் பிரிவு முழுக்க என்னைப் பார்த்து அதையே பழகிக்கொண்டது. பதினோரு வருடம், எத்தனை ஆயிரம் பக்கம்! படித்தவர்கள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. என் பக்கங்கள் அழகாக இருக்கும் என்று அதிகாரிகளே சொல்வார்கள்.

"நான்தான் சார் பண்ணேன்," என்றேன். "ர வர்ற இடத்துல கால் போட்டுருவேன். பாக்க அழகா இருக்கும்னு..."

"எல்லா இடத்துலயுமா?"

"புள்ளி வர்ற இடத்துல. 'ரி' வர்ற இடத்துலயும்."

அவர் கொஞ்ச நேரம் ஊசியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். "ரொம்ப அழகா இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்," என்றேன். அழுகை வந்தது.

"அப்ப விடுங்க. காலுக்கு மேல புள்ளியோ கொக்கியோ வந்தா அது ர-தான். ஒரு வரில திருத்திடலாம்." சட்டென்று குரலை மாற்றி, "இதுக்கு எதுக்கு மூக்கை உறிஞ்சறீங்க? லைன்ல கேக்குது" என்றார்.

அன்றிலிருந்து நான் ர என்றால் ர என்றே தட்டினேன். வேகம் குறைந்து இரண்டு மாதம் பேச்சு வாங்கினேன்.

அடுத்த வருடத் தேர்வு அறிவிப்பை அவர் தன் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல் ஆளாக விண்ணப்பித்தார். கேள்வித்தாளைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமா, கணினி போதுமா என்று கேட்டிருந்தார்கள். கணினி என்று எழுதினார். பழைய கேள்வித்தாள்கள் பத்து வருடத்தவை தேடி எடுத்து, கணினியில் நானே தட்டிக் கொடுத்தேன். நிரலில் போட்டு ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தடவை கேட்டார்.

தேர்வு அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவருக்குத் தனி அறை, ஒரு கணினி, ஒரு மேற்பார்வையாளர். நிரலைக் கையோடு கொண்டுபோய் அந்தக் கணினியில் போட்டிருந்தார். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

கேள்வித்தாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குறுவட்டில் வந்திருந்தது. நிரலை ஓட்டினார். தமிழ் மாதிரி ஏதோ வந்தது, ஆனால் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. அங்கே வேறொரு எழுத்துரு. திரையில் பார்க்க நம்முடையது மாதிரியே இருக்குமாம், உள்ளே எண்கள் மட்டும் வேறு. எங்கள் அட்டவணை அதற்குச் செல்லாது.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தானே இருக்கு, எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரியுதே," என்றிருக்கிறார் அவர் எட்டிப் பார்த்து. "படிச்சுக் காட்ட எனக்கு அனுமதி இல்ல தம்பி. நீங்க ஆள் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

மூன்று மணி நேரத் தேர்வு. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகுதான், எல்லாக் கேள்வித்தாளும் ஒரே மாதிரிதான் தொடங்கும் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. தேர்வின் பெயர். கால அளவு மூன்று மணி நேரம். மொத்த மதிப்பெண்கள் நூறு. அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்கவும். பத்து வருடத் தாள்களைக் கேட்டதில் அந்த நான்கு வரியும் மனப்பாடம். அந்த வரிகளின் எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, இங்கே 'வி' இருக்க வேண்டும், இங்கே 'டை', கொம்பு முன்னால் வரும், ஆகவே இந்த எண் கொம்பு என்று புது அட்டவணையை அந்த மேசையிலேயே உட்கார்ந்து கட்டியிருக்கிறார். கிடைத்த எழுத்துகளை வைத்து அடுத்த வரிகளை ஊகித்து, ஊகித்ததிலிருந்து இன்னும் சில எழுத்து. ஒரு மணி பத்து நிமிடம் போய்விட்டது. மீதி நேரத்தில் விடை எழுதினார்.

மற்றவர்கள் எல்லோரும் போன பிறகுதான் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் எழுந்த சத்தம் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"வேற எழுத்துரு," என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு முழுக்கச் சொன்னார். எனக்கு உள்ளே போய் அந்த மேற்பார்வையாளரிடம் சண்டை போட வேண்டும் போலிருந்தது. அவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

ஒரே ஒரு சறுக்கல். சொல்லின் முதலில் வரும் ஓர் உயிரெழுத்து மட்டும் பிடிபடவில்லை. 'ஆ'வாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார். அது 'ஓ'. 'ஓய்வு விதிகளை விளக்குக' என்ற கேள்விக்கு, ஆய்வு விதிகளை இரண்டு பக்கம் விளக்கிவிட்டு வந்திருந்தார். "ரொம்ப நல்லா எழுதினேன். கேக்கலை, அவ்வளவுதான்," என்றார்.

ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஐம்பத்து மூன்று வாங்கினார்.

முடிவு வந்த அன்று என் மேசைத் தொலைபேசி அடித்தது. "லைன்ல இருங்க" என்றார். இருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

"யாரு சார் லைன்ல?"

"நான்தான்."

"சொல்லுங்க."

"நாளையில இருந்து சாப்பாட்டு நேரத்துக்கு நீங்க கீழ வர ஒரு காரணமும் இல்லைல்ல. எழுத்தெல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஆமா," என்றேன்.

"வேற காரணம் ஏதாவது வெச்சுக்கலாமா?"

என் பக்கத்து மேசைக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் குதித்தார். "உன்னைப் பாக்காமலேயே கட்டிக்கறேங்கறாரு, நீயும் தலையாட்டிட்டு வந்திருக்கே!" எப்போதும் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத அண்ணி, துணி மடித்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். "பாத்துட்டுப் போனாங்களே நாலு பேரு, அவங்க மட்டும் என்னத்தைக் கிழிச்சாங்க?"  அதற்கு மேல் வீட்டில் விவாதம் நடக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரண விஷயங்கள். கேள்வித்தாள் பற்றி அவர் ஒரு மனு எழுதிப் போட்டார். என்ன சொன்னார்களோ, அடுத்த வருடத்திலிருந்து கேள்வித்தாள்கள் ஒருங்குறியில் வந்தன. அவரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதினோரு வருடச் சுற்றறிக்கைகளையும் அறிக்கைகளையும் ஒருங்குறிக்கு மாற்றும் வேலை அவருக்கு வந்தது. கோப்பு கோப்பாகப் போட்டு என் கால்களையெல்லாம் ர ஆக்கி முடிக்க அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. "இன்னிக்கு உன் கால் நாலாயிரம் புடிச்சேன்" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நான் வாயைப் பொத்துவேன். மகள் பிறந்தாள். இரண்டு வீடு மாறினோம். அந்தக் கம்பி எழுத்து எந்த மாற்றலில் தொலைந்தது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

பிறகு எல்லோருமே நேராக ஒருங்குறியில் தட்டத் தொடங்கினார்கள். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. அவருடைய நிரலை எடுத்து வைத்துக்கொள்ளவா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு? காய்ச்சல் போன அப்புறம் மருந்துச் சீட்டை யாராவது சட்டம் போட்டு மாட்டுவாங்களா?" என்றார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான். தலை இடிக்கும் அந்த அறையும், பாத்திர மூடியில் வைத்துப் பகிர்ந்துகொண்ட சாப்பாடும், "நூத்திப் பத்து?" என்ற குரலும் சில நாள் சும்மா இருக்கும்போது வந்துவிடும். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் விருப்ப ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. மகள் தொலைவில் இருக்கிறாள். தினமும் கைபேசியில் செய்தி அனுப்புவாள். அவர் கைபேசி அதைப் படிக்கும், நான் கேட்டால் விளங்காத வேகத்தில். ஜலதோஷக் குரல் எல்லாம் இப்போது இல்லை, நல்ல பெண் குரல்.

போன வாரம் அவருடைய பிறந்த நாள். காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் கைபேசி சொல்லியது: "பிறந்த நாள் வாழ்த்துகள் அப்பா. சிவப்பு இதயம். சிவப்பு இதயம். சிவப்பு இதயம்." மகள் வரிசையாகப் போட்டிருந்த இதயப் படங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனது, நிறுத்தவே இல்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, தட்டி விட்டா அடுத்ததுக்குப் போயிடுமே. எதுக்கு இத்தனை தடவை கேக்கறீங்க?"

"ஸ்ஸ்," என்றார், விரலை உயர்த்தி. "நான் எண்ணிட்டு இருக்கேன்."